வெட்டாமல் வைத்த வீடியோ

கெஜெட்டியா சந்தையில் யாவ் பிரென்யாவைத் தெரியாத கடை இல்லை. மெத்தைக் கடை, சவரிமுடிக் கடை, பழைய ஃபிரிட்ஜைத் தட்டிக்கொட்டி விற்கிறவன், கோழித்தீவனக்காரி, எல்லாருக்கும் ஃபோனில் விளம்பர வீடியோ எடுத்துக் கொடுக்கிறவன் அவன்தான். ஐம்பதைத் தொடும் ஆள். தொப்பை உண்டு. பள்ளிக்கூடத்துக்குள் இருந்து கற்றதைவிட அதன் சுவரேறிக் குதித்து வெளியில் கற்றது அதிகம். முதலில் சாவு வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர் ஒருவருக்கு விளக்குப் பிடித்தான். பிறகு தானே தோளில் கேமராவைத் தூக்கினான். ஃபோன் வந்து கேமராவை ஓரம் கட்டியதும், அழுதுகொண்டிருக்காமல் ஃபோனுக்கு மாறிவிட்டான்.

கட்டைவிரல் நகர்வதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவன் தொழில் சட்டம். ஜனங்கள் ஃபோனைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள்; கழுதைச் சந்தையில் குதிரை தேடுகிறவன் மாதிரி, எதிலும் நிற்க மாட்டார்கள். அதனால் அவன் வீடியோவில் கும்பிடு கிடையாது, 'என் பெயர் இன்னது' கிடையாது. எடுத்த எடுப்பில் சாமான். விலை சொல்லக் கூடாது. விலை கேட்டு அவர்களே எழுத வேண்டும். எழுதிவிட்டால் பாதி வாங்கின மாதிரி. மற்றபடி மூச்சு, முனகல், யோசனை, தொண்டைச் செருமல், பக்கத்துக் கடைக்காரியின் வசவு, எல்லாவற்றுக்கும் கத்தரி. காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தான் என்றால், பேசுகிறவர் காற்றை உள்ளே இழுக்கிற இடம்கூட அவனுக்குத் தப்பாது. வெட்டிவிடுவான். வேலை முடிந்து வீடியோ போய்ச் சேர்ந்ததும் வெட்டுவதற்கு முன் இருந்த மூலத்தை அழிப்பான். ஃபோனின் குப்பைக் கூடையையும் கையோடு காலி செய்வான். நாளைக்கு மெத்தைக்காரன் வருவான், இடம் வேண்டுமே. "சோறு வெந்தப்புறம் சாம்பலை யாராவது பொத்தி வைப்பானா?" என்பான்.

அவன் மனைவி அகோசுவா டுஃபிக்குப் பானைக் கடை. அலுமினியக் குண்டான், இரும்பு வாணலி, எனாமல் தட்டு, பங்கூக் களி கிளறுகிற மரத்துடுப்பு. கடை அவளுடையது, கடைக்கென்று இணையத்தில் ஓடுகிற பக்கம் அவன் பாடு. வருகிற செய்திகளை அவன் படித்துச் சொல்வான், அவள் பானையைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்வாள், அவன் அடித்து அனுப்புவான். பிள்ளை இல்லை. அவளுடைய அக்காள் மகள் கொனாடு கடையில் கூட இருந்தாள். நாளைக்குக் கடை அவள் கைக்குத்தான் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வழக்கம் அது. பெண்ணின் சொத்து தாய்வழிக் குடும்பத்துக்கு. சட்டம் வேறு மாதிரி சொல்லும்தான். சட்டம் வந்து சாவு வீட்டில் உட்காருவதில்லை.

வடக்கிலிருந்து புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம். ஊரே இருமியது. அப்போது ஒரு நாள் டுஃபியின் கடைக்கு மொத்தமாக வீடியோ எடுத்தார்கள். இந்தத் தொழிலில் அப்படித்தான் செய்வது. ஒரே நாளில் எடுத்துத் தள்ளிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இணையப் பக்கத்தில் போடுவது. தலைத்துணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்கு அது வேறு வேறு நாள்.

"டுஃபி, குண்டானை மூஞ்சிக்கு நேரா தூக்காத. மூஞ்சியப் பாத்துதான் ஜனம் வாங்குது."

"என் மூஞ்சியப் பாத்து வாங்கின ஒரே ஆளு நீதான்யா. அதுவும் திருப்பிக் குடுக்க முடியாம முழிக்கிற."

எதிர்க்கடையில் கருவாடு விற்கிற மன்சா இதற்கென்றே காத்திருப்பவள். "திருப்பிக் குடுத்தா எவடி எடுத்துக்குவா? என் கருவாட்டுக்கே இன்னைக்கு ஆளு வரல."

டுஃபி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிரென்யா ஃபோனைத் தாழ்த்தினான்.

"இருமுறதா இருந்தா சொல்லிட்டு இருமு. நல்ல இடத்துல வந்து கெடுக்குற."

"இருமல் என்ன உன் மாமனா, சொல்லிவிட்டு வர?"

அவள் விரலை மடக்கிக் குண்டானின் அடியைத் தட்டுவாள். சர்ச் மணி மாதிரி ஒலிக்கும். "குண்டான்னா இதுதான்மா குண்டான். உன் மாமியார் நாக்கு மாதிரி, எத்தனை வருஷம் ஆனாலும் தேயாது." இந்த ஒரு பேச்சுக்காகவே டெச்சிமானிலிருந்தும் ஒபுவாசியிலிருந்தும் ஆட்கள் எழுதுவார்கள். அன்றைக்குப் பச்சைத் துணியோடு ஒன்று, நீலத்தோடு ஒன்று, பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி என்று எடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியாக மஞ்சள். வெளிச்சம் இறங்கிவிட்டது. மூட்டை கட்டினார்கள்.

வாரம் திரும்புவதற்குள் மஞ்சளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிரென்யா வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுத் தயாராக வைத்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை டுஃபி சர்ச்சுக்குப் போகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கட்டிலில் உட்கார்ந்தாள். "பெட்டிய அணைச்சிரு, துணி கருகிடும்" என்றாள். அவன் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் சாய்ந்திருந்தாள். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இறக்கி வைத்ததோடு சரி, உயிர் இல்லை.

டாக்டர் ஒரு சின்னப் பெண். "இதயம் ரொம்ப நாளா வீங்கியிருந்திருக்குங்க. மூச்சு வாங்கியிருக்கும். படுத்தா இருமல் வந்திருக்கும். எப்ப இருந்து இருமினாங்க?"

"புழுதிதான்னு நெனச்சோம்" என்றான் பிரென்யா.

அது பொய்யில்லை. ஆனால் போன மழைக்காலத்து வீடியோக்களிலேயே அவன் அவளுடைய இருமலை வெட்டியிருக்கிறான். அவள் மூச்சு எங்கே தட்டுகிறது, எந்தச் சொல்லுக்குப் பிறகு இரண்டு தடவை இழுக்கிறாள் என்பது இந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். காதுக்குள்ளே வைத்துக் கேட்டவன். அத்தனையும் அவனுக்குக் கழிக்க வேண்டிய சத்தமாகத்தான் கேட்டது.

டுஃபியின் தாய்மாமன் போவாடு, குடும்பத்துக்குப் பெரியவர், மாம்போங் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தார். பிரென்யாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்பிள்ளை, எங்க ஊர்த் தலைவர் போயிட்டாரு, தெரியுமில்ல. இன்னும் அடக்கம் ஆகல. அவரு காரியம் முடியறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல ஒரு ஒப்பாரி கேட்டுச்சுன்னா, அபராதமா ஆட்டைக் கொண்டா, சாராயத்தைக் கொண்டான்னு அரண்மனை ஆளு வாசல்ல வந்து நிப்பான். துக்கம்னு கறுப்பு கட்டக் கூடாது. சிவப்பு கட்டக் கூடாது. யாரும் அழக் கூடாது. வெளிய சொல்லவும் கூடாது. கடை தொறந்தே இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு மாமா?"

"அது எனக்குத் தெரியுமா? செத்தவரைத்தான் கேக்கணும்."

"அவளை எங்கன்னு கேட்டா?"

"ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு. எல்லாரும் போற ஊருதானே. பொய்யில்ல."

டுஃபி ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் கிடந்தாள். கொனாடு கடையைத் திறந்தாள். மன்சாவுக்கு மட்டும் மறைக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவள், கொனாடுவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். துணியின் ஓரத்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை யாரோ என்னவென்று கேட்டார்கள். "மிளகாய் இடிச்சேன்" என்றாள். உரல் அவள் கடையிலேயே கிடையாது.

கடையின் இணையப் பக்கம் சும்மா கிடந்தால் ஜனங்கள் ஏன் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் பிரென்யா பச்சைத் தலைத்துணி வீடியோவைப் போட்டான். முதல் தடவை வேறு நினைப்பு ஒன்றும் இல்லை, சத்தியமாக. போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் அது துடிக்கத் தொடங்கியது.

'அக்கா, கைப்பிடி வச்ச பெரிய குண்டான் இருக்கா? மகளுக்குக் கல்யாணம்.'

பானையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல அவள் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியும். 'இருக்குடி கண்ணு. மாப்பிள்ளை சாப்பாட்டு ராமனா இருந்தா ரெண்டா வாங்கிக்க' என்று அடித்து அனுப்பினான். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. அவனும் சிரித்துவிட்டான். சிரித்ததும் பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தான்.

அதிலிருந்து பழகிவிட்டது. நீலத்தைப் போட்டான். பூப்போட்டதைப் போட்டான். 'அக்கா, மெலிஞ்சு அழகாயிட்டீங்களே, என்ன சாப்பிடுறீங்க?' என்று ஒருத்தி எழுதினாள். 'கடவுள் கருணை' என்று பதில் போட்டான். 'அம்மா, குரல் கணீர்னு இருக்கு, நூறு வருஷம் இருங்க' என்று எழுதினவளுக்கு 'ஆமென்' என்று போட்டான். பாவம் என்று சொல்லுங்கள், பைத்தியம் என்று சொல்லுங்கள். அவனுக்கு நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் மூச்சு விட முடிந்தது.

மன்சா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடையைத் தாண்டி வந்தாள்.

"பிரென்யா, நேத்து டுஃபி கோடு போட்ட துணி கட்டிக்கிட்டு ஃபோன்ல வந்தா. 'அத்தை ஊருல இருந்து வந்துட்டாங்களா'ன்னு என் மக கேக்குறா. நான் என்னத்தடா சொல்ல?"

"வந்துட்டாங்கன்னு சொல்லுங்கக்கா."

"அவ அங்க குளிர்ல படுத்திருக்கா. நீ இங்க அவளை வியாபாரத்துக்கு நிக்க வச்சிருக்க. உசுரோட இருந்தப்பதான் உக்கார விடல."

அவன் ஒரு குண்டானை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். மன்சாவும் சொன்ன சொல்லுக்குச் சங்கடப்பட்டு நின்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டு, கென்கே என்கிற சோளமாவு உருண்டை ஒன்றும் பொரித்த மீனும் இலையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. அவன் இடைவெளி விட்டு விட்டுப் போட்டான். எவ்வளவு இழுத்தாலும் தீருவது தீரத்தானே செய்யும். கடைசியில் மஞ்சள் ஒன்றுதான் மிச்சம். அதுதான் இன்னும் வெட்டாதது. மதிய வேளையில், அடுக்கி வைத்த குண்டான்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனைச் செருகி, வெட்டுவதற்காக அதைத் திறந்தான்.

நீளமான வீடியோ. அன்றைக்கு நடுவில் நிறுத்த மறந்திருக்கிறான். அது தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. டுஃபி குண்டானைத் தூக்குகிறாள். பேச்சு பாதியில் இருமல். "நிறுத்துய்யா, மூச்சு வாங்குது" என்று குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்காருகிறாள். படம் இப்போது கோணலாக, அவளுடைய முழங்காலையும் பாதி முகத்தையும் காட்டுகிறது. தண்ணீர் கேட்கிறாள், குடிக்கிறாள். "உன் செருப்பைப் பாரு, பிச்சைக்காரன் குடுத்த மாதிரி இருக்கு" என்கிறாள். இராத்திரிக்குப் பனங்கொட்டைக் குழம்பா, மீன் போதுமா என்று தன்னைத்தானே கேட்டு, தானே மீன் என்று முடிவு செய்கிறாள். மன்சா ஏதோ கத்த, "போடி கருவாட்டு ராணி" என்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்க்கிறாள். மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வரலாமாய்யா?" என்கிறாள்.

ஃபோனுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வருகிறது. "போலாம் போலாம். வெளிச்சம் போகுது, முதல்ல இதை முடி. இன்னொரு தடவை."

அவள் எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் சிரிப்பை ஏற்றிக்கொண்டு, குண்டானைத் தூக்கி, ஒரு தடங்கல் இல்லாமல் முழுக்கப் பேசி முடிக்கிறாள்.

பிரென்யாவுக்கு அவள் அப்படிக் கேட்டது நினைவே இல்லை. வீடியோ எடுக்கும்போது அவன் காதில் விழுவது வீடியோவுக்கு வேண்டியது மட்டும்தான். அன்றைக்கு அவன் கத்தரி போடவில்லை. அவ்வளவு வருடத் தொழிலில் வெட்டாமல் மூடி வைத்த வீடியோ அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் குண்டான்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். கொனாடு அவன் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கடையின் பக்கத்தில் போட்ட மற்ற வீடியோக்களில் இருப்பவள் எல்லாருக்கும் பொதுவானவள், பானை விற்கிறவள். செருப்பைப் பற்றித் திட்டுகிறவள் இந்த ஒன்றில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி என்று அவள் சொல்கிற இடம் வரும்போது தாண்டிவிட விரல் போகும். இருந்தாலும் தாண்டிவிடாமல் கேட்டான். அதையும் தாண்டிப் போனால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

ஒரு நாள் மன்சா பார்த்துவிட்டாள். அவன் இயர்ஃபோனில் ஒன்றைக் கழற்றி அவளிடம் நீட்டினான். மன்சா குனிந்தபடியே முழுவதும் கேட்டாள். 'கருவாட்டு ராணி' வந்த இடத்தில் அவள் உதடு கோணியது. முடிந்ததும் இயர்ஃபோனைத் துடைத்து அவன் கையில் வைத்தாள்.

"இதை ஒருத்தருக்கும் காட்டாத."

"மாட்டேன்க்கா."

"அவ மூச்சே இதுலதான் இருக்கு. பத்திரம்."

ஊர்த் தலைவரின் காரியம் ஒருவழியாக முடிந்தது. போவாடு மாமா வந்து டுஃபிக்குச் சனிக்கிழமை ஒன்றைக் குறித்துச் சொன்னார். மறைத்து வைத்ததையெல்லாம் ஒரே நாளில் அவிழ்த்தாயிற்று. பிரென்யாவே கடையின் பக்கத்தில் சாவுச் சுவரொட்டியைப் போட்டான். எழுதினவர்களெல்லாம் திகைத்துப் போனார்கள். 'போன வாரம்தானே என்கூடப் பேசினாங்க' என்று கல்யாண வீட்டுக்காரி எழுதியிருந்தாள்.

சவப்பெட்டி வாங்குவது புருஷன் பொறுப்பு, வாங்கினான். மைதானம், நாற்காலி, பந்தல், பெரிய திரை எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. திரை என்றதும் போவாடு அவனிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, திரையில டுஃபி வரணும். பக்கத்துல போட்டதெல்லாம் ஊரே பாத்தாச்சு. அதையே திரும்பப் போட்டா, வீடியோக்காரன் பொண்டாட்டிக்கே பழசுதானான்னு சிரிப்பாங்க. போடாதது ஒண்ணு வச்சிருக்கியாமே. கொனாடு சொன்னா."

"அது பானை விக்கிறது மாமா."

"அவ பானை விக்கிறவதானே. விமானம் ஓட்டின மாதிரியா காட்டப்போறோம்?"

"அதுல இருமுறா."

"வெட்டு. வேற எதுக்குய்யா உன்னைக் கேக்குறேன்?"

"அது என்கிட்டயே இருக்கட்டும் மாமா. அதை மட்டும் விட்டுருங்க."

கிழவர் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. "யாவ், உசுரோட இருக்குற வரைக்கும் அவ உன்னவ. செத்தப்புறம் குடும்பத்தோடவ. இது நான் போட்ட சட்டம் இல்ல. கடைசியா ஒரு தடவை அவ நல்லபடியா நின்னு பேசறதை அவ ஜனம் பாக்கட்டும். நீ வச்சிருக்குறதைப் பிடுங்க வரல. அதுல இருந்து கொஞ்சம் குடுன்னுதான் கேக்குறேன்."

அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டு, மூலத்தைத் தான் வைத்துக்கொள்வது என்று பிரென்யா முடிவு செய்தான். செய்தானே தவிர, உட்காரக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, சாவுச் சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு அவன் ஃபோன் ஒரு பொதுச்சத்திரமாக இருந்தது. சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பழைய படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்ராவிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர் தேம்பித் தேம்பி இரங்கல் வீடியோ அனுப்பியிருந்தார்கள். அவையும் திரையில் வர வேண்டுமாம். வெளியே மேளக்காரர்கள் வந்திறங்கினார்கள். பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்; அடக்கி வைத்த அழுகை, கேட்க வேண்டுமா? திரைக்காரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, ஃபைல் எங்கண்ணே? பாதிரியார் வந்துட்டாரு."

"இதோ."

"இதோன்னு சொல்லியே இம்புட்டு நேரம் ஆச்சுண்ணே."

தோளில் கறுப்புத் துணி நழுவ நழுவ, முற்றத்து மூலையில் நாற்காலியைச் சுவருக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இயர்ஃபோனைச் செருகினான். உட்கார்ந்ததும் கை தன் வேலையைத் தானே செய்தது. முதல் பேச்சு போயிற்று. இருமல் போயிற்று. தண்ணீர், செருப்பு, மீன், கருவாட்டு ராணி, ஆஸ்பத்திரி. எல்லாம் போக, சிரித்துக்கொண்டு எழுந்து நின்று தடங்கலில்லாமல் பேசுகிறவள் நின்றாள். மூச்சு இழுக்கிற இடங்களைக்கூட விடவில்லை. பாட்டுப் போட்டான். கத்தரி போடுகிற ஆப் துண்டைக் கோத்து முடித்ததும், ஃபோனில் சேமிக்கச் சொன்னான். இடம் போதாது என்றது ஃபோன்.

"அண்ணே."

"இருடா."

கை போயிற்று. இருப்பதிலேயே பெரியது எது என்று தேடிற்று. வேலை முடிந்த மூலம். அதைத் தொட்டு, அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்தது. இத்தனை வருடங்களாக ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் செய்ததுதான். ஃபோன் சேமித்துக்கொண்டது. அனுப்பினான். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

பாதிரியார் முடித்ததும் திரையில் டுஃபி வந்தாள். மஞ்சள் தலைத்துணியோடு, பந்தல் உயரத்துக்கு நின்றாள். குண்டானைத் தட்டினாள். ஒலிபெருக்கி மைதானம் முழுக்க அதிர்ந்தது. மாமியார் நாக்கு வந்ததும் கறுப்பும் சிவப்பும் கட்டிய அத்தனை பெண்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள். போவாடு மாமா கைத்தடியைத் தரையில் ஊன்றி, திருப்தியாகத் தலையாட்டினார். திரைக்காரன் இன்னொரு தடவை ஓட்டினான்.

மன்சா மெல்ல வந்து பிரென்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா வெட்டியிருக்க."

"ம்."

"இது டுஃபியே இல்ல. இவ்வளவு சுத்தமா அவ என்னைக்குப் பேசினா?" பிறகு அவன் காதருகே குனிந்து, "அது இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் ஃபோனை எடுத்தான். திறந்தான். தேடினான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். கத்தரி போடுகிற ஆப்பைத் திறந்தான். டுஃபி உட்கார்ந்திருந்த இடமெல்லாம் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். மன்சா அவன் முகத்தைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். தன் சிவப்புத் துணியின் ஓரத்தை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் அவர்கள் இருவரையும் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஆடும் என்கிற கடைத்தெருவில் ஃபோன் பழுது பார்க்கிற ஒருவன் கம்பியைச் செருகி அரை நாள் பார்த்தான். "அண்ணே, அழிச்சதோட விட்டிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். அந்த இடத்து மேலயே வேற எழுதிடுச்சு" என்றான். மேலே எழுதியது எது என்று பிரென்யா கேட்கவில்லை. தெரிந்ததுதானே, அவன் வெட்டிக் கொடுத்த துண்டு. கை பழக்கத்தில் செய்ததா, ஆஸ்பத்திரி என்ற சொல்லை இனிக் கேட்காமல் இருக்கட்டும் என்று மனசுதான் கையை ஏவிற்றா என்பது அவனுக்கே விளங்கவில்லை. எப்படி இருந்தாலும் போனது போனதுதான்.

வழக்கப்படி கடை கொனாடுவுக்கு வந்தது, பக்கமும் வந்தது. அவள் நல்ல பெண். சித்தப்பாவை வெளியே தள்ளவில்லை, கூடவே இருக்கச் சொன்னாள். சித்தியின் நினைவுக்காக என்று அந்த மஞ்சள் வீடியோவைப் பக்கத்தில் போட்டாள். அது பற்றிக்கொண்டது. செத்துப்போனவள் இவ்வளவு சிரித்த முகமாகப் பானை விற்கிறாளே என்று ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவள் விற்றதைவிட அந்த மாதம் குண்டான் அதிகம் போயிற்று.

"சித்தப்பா, சித்தி இன்னமும் வியாபாரம் பண்றாங்க பாருங்க" என்றாள் கொனாடு, கண் கலங்க.

ஒருநாள் ஒபுவாசியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இளம் பெண், முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். குண்டானை வாங்கிக்கொண்டு உடனே போகாமல் நின்றாள்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரராங்கய்யா? அந்த வீடியோவைத் தினமும் பாப்பேன். எங்க அம்மா மாதிரி இருப்பாங்க. வீட்டுலயும் இப்படித்தான் கணீர்னு பேசுவாங்களா?"

"இல்லம்மா" என்றான் பிரென்யா. "வீட்டுல வேற மாதிரி."

"எப்படிப் பேசுவாங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். செருப்பைப் பற்றி அவள் திட்டினாள் என்பது நினைவிருந்தது. என்ன சொல்லித் திட்டினாள் என்பதும் நினைவிருந்தது. அவள் குரலில் அதைக் கேட்டுப் பார்க்க முயன்றான். வரவில்லை. மூச்சு வாங்க, தாழ்ந்த குரலில் அவள் பேசுவதைக் கேட்க எவ்வளவு முட்டினாலும், காதுக்குள் வந்து நின்றது பாட்டும், தட்டின குண்டானும், தடங்கலில்லாத அந்தப் பேச்சும்தான்.

அந்தப் பெண் காத்திருந்தாள். முதுகில் குழந்தை சிணுங்கியது.

"மெதுவாப் பேசுவா" என்றான் கடைசியில். அதற்கு மேல் ஒன்றும் அவனிடம் இல்லை.

அவள் தலையாட்டிவிட்டு, குண்டானைத் தலையில் ஏற்றிக்கொண்டு ட்ரோட்ரோ வேன் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பிரென்யா அவள் கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து கொனாடு, "சித்தப்பா, இன்னைக்கு வீடியோ எடுக்கறோமா, வேணாமா?" என்று கேட்டாள்.

"எடுப்போம்" என்றான்.